யாரு இல்லேன்னு சொன்னா?

என் தங்கை மகளின் ஆங்கில ஒர்க்‌ஷீட்டில் ஒரு யானை நிற்கிறது. அதன் எதிரே நான்கு கட்டங்கள்: வாக், ரன், ஸ்விம், ஃப்ளை. யானையால் முடிந்ததற்கு டிக், முடியாததற்குப் பெருக்கல் குறி போட வேண்டும். அவள் ஸ்விம்முக்கு டிக் போட்டிருந்தாள். மிஸ் அதைச் சிவப்பு மையால் சுழித்துப் பெருக்கல் குறியாக்கி, கீழே முத்து முத்தான கையெழுத்தில் திருத்தம் எழுதியிருந்தார்: எலிஃபன்ட் கேனாட் ஸ்விம். மூன்று தடவை எழுதி வரவேண்டும்.

எங்கள் ஊர் கம்பம். மலையேறினால் குமுளி, அதைத் தாண்டினால் தேக்கடி. போன காலாண்டு விடுமுறையில் அவளைப் படகில் கூட்டிப் போயிருந்தேன். நாலைந்து யானைகள் ஏரியின் குறுக்கே கடந்துகொண்டிருந்தன. முதுகு தெரியவில்லை; மண்டையின் மேடும் தும்பிக்கையின் நுனியும் மட்டும் தண்ணீருக்கு மேலே. படகில் இருந்த எல்லோரும் ஒரே பக்கம் சாய, ஓட்டுநர் கத்த, இவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

“பெரியம்மா, நாம பாத்தோம்ல? நீந்துச்சுல்ல?”

“பாத்தோம்.”

“அப்ப ஏன் மூணு தடவை எழுதணும்?”

என்னிடம் பதில் இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. மிஸ் சின்னப் பெண், நல்ல பெண். முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்ப்பவர். பொறுமையாகவே சொன்னார்: “யானை நீந்தும்னு எனக்கும் தெரியும் மேடம். ஆனா இந்த வயசுல ஒரு அனிமலுக்கு ஒரு ஆக்‌ஷன்னு போனாத்தான் மனசுல பதியும். ஃபிஷ்ஷுக்கு ஸ்விம், பேர்டுக்கு ஃப்ளை, மங்கிக்கு க்ளைம்ப். யானைக்கும் ஸ்விம்னு சொன்னா குழம்பிருவாங்க. சென்டன்ஸ் வந்தாப் போதும் மேடம், சயின்ஸ் அப்புறம் படிச்சுக்கலாம்.”

அந்தக் கருத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்டேஷனரிக் கடையில் சுருட்டி வைத்திருக்கும் காட்டு விலங்குச் சார்ட்டு, ஃபிளாஷ் கார்டுக் கட்டு, செல்போனில் ஆடிப் பாடும் சிங்கம் எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன. சிறு பிள்ளைக்குச் சந்தேகம் ஆகாது. எளிய, உறுதியான, மாறாத வாக்கியம்தான் வேண்டும். அதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தால் மொழி தானே வந்துவிடும். நடுவில் தமிழ் எட்டிப் பார்க்கக் கூடாது. விலங்கு என்பது வாக்கியத்தை மாட்டி வைக்கும் ஆணி. ஆணி நேராக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. நானும் இருபத்தாறு வருடம் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள்தான். அதில் முதல் பாதியை இந்த ஆணிகளை அடித்தே ஓட்டினேன். ஆகையால் இங்கே நான் மறுப்பது என்னையும் சேர்த்துத்தான்.

ஃபிஷ் கேன் ஸ்விம் என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் தமிழில் மீன் நீந்தும் என்போம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று நம் பக்கம் திரும்பி, “மீனால நீந்த முடியுங்க” என்றால் என்ன செய்வோம்? “யாரு இல்லேன்னு சொன்னா?” என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்காருவோம். முடியும் என்ற சொல் சும்மா வருவதில்லை. முடியுமா என்ற கேள்வி எங்கோ முளைத்த பிறகுதான் வருகிறது. பாட்டியால மாடி ஏற முடியும் என்று ஒருத்தி சொன்னால், ஏற முடியாது என்று வீட்டில் யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆங்கிலக் கேனும் பேச்சில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஐயம் எழுந்த இடத்தில், ஆள் மலைத்த இடத்தில், ஒருவரை ஒருவர் மறுத்த இடத்தில் அது வாயில் வரும்.

நம் வகுப்பறை அந்தச் சொல்லுக்கு என்ன செய்கிறது? யாருக்கும் சந்தேகமே வராத விலங்கையும் யாருக்கும் சந்தேகமே வராத செயலையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறது. ஃபிஷ் கேன் ஸ்விம், பேர்ட் கேன் ஃப்ளை, லயன் கேன் ரோர். இந்த வாக்கியங்களில் கேனை எடுத்துவிட்டாலும் பிள்ளைக்கு ஒன்றும் குறையாது. குறையவில்லை என்பதை எத்தனையோ நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். லயன் ரோர், ஃபிஷ் ஸ்விம் என்று எழுதி வைத்திருப்பார்கள். கவனக்குறைவு என்று அடித்துத் திருத்தினேன். அது கவனக்குறைவு இல்லை. வேலை இல்லாத சொல்லைப் பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்து, வரிசை. நம் பயிற்சிப் புத்தகங்கள் பலவற்றில் முதலில் கேன் வரும், சில பாடம் தள்ளிக் கேனாட் வரும், கேள்வி வடிவத்துக்கு அடுத்த வருடம் வரை பொறுத்திருக்க வேண்டும். எளியதிலிருந்து கடினத்துக்குப் போகிறோம் என்பது விளக்கம். ஆனால் குழந்தை போகும் வழி வேறு. 1960களில் எட்வர்ட் கிளிமா, உர்சுலா பெலுஜி என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசி வளரும் மூன்று குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து 1966-இல் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளின் வாயில் கான்ட், டோன்ட் என்ற மறுப்புகள் வந்த கட்டத்தில் கேனும் டூவும் இன்னும் தனியாகத் தலைகாட்டியிருக்கவில்லை. முடியாது முதலில், முடியும் பிறகு. குழந்தை வளர்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை; தமிழ்க் குழந்தையும் மாட்டேன், முடியாது என்று சொல்லித்தான் வீட்டை ஆளத் தொடங்குகிறது. நாம் அதைத் தலைகீழாக நட்டுவைத்துவிட்டு, வேர் பிடிக்கவில்லையே என்கிறோம்.

காட்டு விலங்குகளுக்கு வருகிறேன். நான் அவற்றுக்கு எதிரி அல்ல. ஐயம் என்றால் அதற்கு அவற்றைப் போல் விளைநிலம் வேறில்லை. நாம்தான் வேலி கட்டி அந்த நிலத்தைக் காயப் போட்டிருக்கிறோம்.

யானையையே பார்ப்போம். யானை நீந்தும் என்பதற்குத் தேக்கடி போகக்கூட வேண்டாம். அந்தமான் காடுகளில் மரம் இழுக்கக் கொண்டுபோன யானைகள் கடலில் நீந்தின. அவற்றில் ராஜன் என்ற யானை ஹேவ்லாக் தீவில் கடலுக்குள் நீந்துவதைப் படம் பிடிக்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்தார்கள். 2016-இல் அது இறந்தது. சரி, யானை நடக்கும், நீந்தும். ஓடுமா? மிஸ்ஸின் ஒர்க்‌ஷீட்டில் ரன்னுக்கு டிக்தான் சரியான விடை. ஆனால் தாய்லாந்து யானைகளின் உடம்பில் அடையாளப் புள்ளி வைத்து, வேகமாகப் போகவிட்டுப் படமெடுத்து, யானை செய்வது உண்மையில் ஓட்டம்தானா என்று கேட்கும் கட்டுரை 2003-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழிலேயே வந்தது. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம் போகிறது. ஆனாலும் ஓடும் குதிரையைப் போல நான்கு காலும் ஒருசேரத் தரையை விட்டு எழுவதில்லை. அதே சமயம் கால்கள் மடங்கி நிமிர்வதில் ஓட்டத்தின் சாயல் உண்டு. அறிவியலாளர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற கேள்விக்கு யு.கே.ஜி. பிள்ளை ஒரு டிக்கில் விடை சொல்ல வேண்டும், பிறகு சும்மா இருக்க வேண்டும்! அதே கேள்வியை வகுப்பில் விட்டுப் பாருங்கள். கேன் அன் எலிஃபன்ட் ரன்? ஆளுக்கொன்று சொல்வார்கள். ஓடிக் காட்டுவார்கள். ஓடும்போது தன் இரண்டு காலும் காற்றில் இருக்கும் நொடி உண்டா என்று நண்பனைக் குனிந்து பார்க்கச் சொல்வார்கள்.

சார்ட்டின் மற்ற கட்டங்களும் இப்படித்தான். சிங்கம் மரம் ஏறாது என்பார்கள். உகாண்டாவின் இஷாஷாவிலும் தான்சானியாவின் மன்யாரா ஏரிக் காட்டிலும் சிங்கங்கள் கிளைமேல் கால் தொங்கப் போட்டுத் தூங்குகின்றன. புலிக்குத் தண்ணீர் ஆகாது என்பது பூனையைப் பார்த்துச் சொன்ன கணக்கு. சுந்தரவனத்துப் புலிகள் ஓடை ஓடையாக நீந்தித்தான் இரை தேடுகின்றன. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப் புலிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவந்தபோது தொலைக்காட்சி முழுக்க அவைதான். அந்த விலங்கால் கர்ஜிக்க முடியாது. பூனையைப் போல உறுமிக் குழையும், குருவியைப் போலக் கீச்சிடும். இவ்வளவு வேகம் உள்ளதற்குக் கர்ஜனை கிடையாது என்றால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். அந்த மறுப்பில்தான் கான்ட் பிறக்கிறது. மயிலுக்குச் சார்ட்டில் எப்போதும் டான்ஸ் மட்டும்தான். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சாயங்காலமானால் மயில் பறந்து போய்ப் புளியமரத்தில் அடைவதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. நீர்யானை இருக்கிறதே, அது சார்ட்டுக்காரர்களின் செல்லம். ஹிப்போ கேன் ஸ்விம். தண்ணீரிலேயே கிடக்கிறது, பெயரிலேயே நீர் இருக்கிறது, வேறென்ன செய்யும்? அது மீனைப் போல மிதந்து நீந்துவதில்லை. கனத்த உடம்போடு அடித்தரையில் கால் ஊன்றி நடக்கிறது, உந்தி உந்திப் போகிறது. நீந்தும் யானைக்குப் பெருக்கல் குறி, நீந்தாத நீர்யானைக்கு டிக்.

இதைச் சொன்னால், “டீச்சருக்கு விலங்கியல் தெரிஞ்சிருக்கணுமா?” என்று கேட்கிறார்கள். வேண்டாம். “எனக்குத் தெரியலை, பாத்துட்டு வந்து சொல்றேன்” என்று சொல்லத் தெரிந்தால் போதும். நான் அதைச் சொல்லக் கற்றுக்கொள்ளப் பதின்மூன்று வருடம் ஆனது. ஒரு நாள் அலுப்பில், சார்ட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்: கேன் அ டைகர் ஸ்விம்? முடியும் என்பவர்கள் ஜன்னல் பக்கம் போங்கள், முடியாது என்பவர்கள் கதவுப் பக்கம் போங்கள் என்றேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஜன்னல்காரர்கள் எஸ், இட் கேன் என்று கத்த, கதவுக்காரர்கள் நோ, இட் கான்ட் என்று அதைவிட உரக்கக் கத்த, சத்தம் கேட்டு ஹெச்.எம். வந்துவிட்டார். என்ன கலாட்டா என்றார். சார், இவர்களாகவே இங்கிலீஷில் சண்டை போடுகிறார்கள் என்றேன். அவர் ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதற்கு முன் ஒரு மாதம் நான் கோரஸாக வாங்கிய கேனை எல்லாம் கூட்டினாலும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. உடம்பை அசைத்தபடி மொழியைக் கற்பது பற்றி ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே ஆராய்ந்திருக்கிறார். எரிக் கார்ல் 1997-இல் வெளியிட்ட ‘ஃப்ரம் ஹெட் டு டோ’ படப்புத்தகத்தில் ஒவ்வொரு விலங்கும் தன் உடம்பால் ஒன்றைச் செய்து காட்டிவிட்டு, உன்னால் முடியுமா என்று பிள்ளையைக் கேட்கிறது. எங்கள் சார்ட்டு அந்த முதல் பாதியை வைத்துக்கொண்டு கேள்வியைத் தொலைத்துவிட்டது.

தமிழ் வரக்கூடாது என்ற இரண்டாம் கட்டளைதான் எனக்கு இன்னும் அதிகக் கோபம் தருவது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்பது பலர் மனதில் சட்டமாகவே உட்கார்ந்துவிட்டது. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. 2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். வீட்டில் ஒரு ஆங்கிலச் சொல் காதில் விழாத பிள்ளைகளும் இன்று இந்தச் சட்டத்துக்குக் கீழே வருகிறார்கள். ஆகவே இது பணக்காரப் பள்ளியின் விவகாரம் மட்டும் அல்ல.

என் தங்கை மகளுக்கு ஐந்து வயது. அவள் பேச்சைக் கேளுங்கள். “எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். அப்பா சைக்கிளை ஓட்ட முடியாது, கால் எட்டாது. மெயின் ரோட்டுல ஓட்டக் கூடாது. சாயங்காலம் சந்துக்குள்ள ஓட்டலாம்.” நாலு வாக்கியம். தெரியும் என்பது பழகிப் பெற்ற திறன். முடியாது என்பது உடம்பின் எல்லை. கூடாது என்பது விலக்கு. ஓட்டலாம் என்பது அனுமதி. ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல், ஒன்றைக்கூட அவள் இடம் மாற்றிப் போடவில்லை. இந்த நான்குக்கும் ஆங்கிலம் கேன், கான்ட், கான்ட், கேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதாவது இந்தப் பிள்ளையின் கையில் இருக்கும் சரக்கு ஆங்கிலம் கேட்பதைவிட அதிகம். அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பாப்பா, நீ நாலு டப்பாவில் போட்டு வைத்திருப்பதை அவர்கள் ஒரே டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். தமிழில் சொன்னால் இது அரை நிமிடம். தமிழைத் தடுத்துவிட்டு, யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று படம் படமாகக் காட்டினால் மூன்று மாதத்திலும் இது விளங்காது. சிங்கத்துக்கு அனுமதி கேட்கத் தெரியாதே!

வேடிக்கை என்னவென்றால், கேன் என்ற சொல்லின் பழைய பொருளே தெரியும் என்பதுதான். பழைய ஆங்கிலத்தில் அது குன்னன். அறிதல் என்று பொருள். இன்றைய நோ என்ற வினைக்கும் அதற்கும் இரத்த உறவு. நீந்தத் தெரியும் என்று நம் பிள்ளை சொல்வது அந்தச் சொல்லின் வேரைத் தொட்டுப் பேசுவது. லயன் கேன்ஸ் ரன் என்று எழுதும் பிள்ளையையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். ரன்ஸ், ஈட்ஸ் என்று வரும்போது கேன்ஸ் ஏன் வரக்கூடாது என்பது நியாயமான கேள்வி. கேன் பிறப்பில் ஒரு இறந்தகால வடிவம், அதனால்தான் அந்த எஸ் ஒட்டுவதில்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையில் குட்டுவதற்கு முன் டீச்சருக்கு நினைவு வந்தால் போதும்.

தமிழை வெளியே நிறுத்தினால் அது போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது, கதவிடுக்கில் நின்று எட்டிப் பார்க்கும். யானை பிளிறும், மயில் அகவும், ஆந்தை அலறும், நரி ஊளையிடும் என்று தமிழ் வகுப்பில் மரபுச்சொல் படித்த பிள்ளை, அடுத்த பீரியடில் அந்த உம்மை எல்லாம் கேன் என்று தானாகவே பெயர்த்துக்கொள்கிறது. அகவும் என்பது அகவுகிற வழக்கம். அகவ முடியும் என்பது வேறு. எதிர்மறையில் சிக்கல் இன்னும் கூடுதல். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்கிறோம். இந்தத் தின்னாதை ஆங்கிலத்தில் வைக்க மூன்று கதவு இருக்கிறது. தின்பதில்லை, தின்ன மறுக்கும், தின்ன இயலாது. பழமொழி சொல்வது புலியின் மானத்தை, ஆகவே நடுக்கதவு. நம் வகுப்பறையில் பழகிய பிள்ளை நேராகக் கடைசிக் கதவில் போய் முட்டுவாள்: டைகர் கான்ட் ஈட் க்ராஸ். உண்மைப் புலியைக் கேட்டால் மூன்று கதவையும் சாத்திவிடும். அதன் எச்சத்தில் புல் கிடைப்பதுண்டு. பழமொழியையும் புலியையும் ஆங்கிலத்தையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒரு பாடம் நடத்தலாம். எந்த ஒர்க்‌ஷீட்டிலும் அதற்கு இடமில்லை.

படத்தையும் விலங்கையும் வைத்து மொழி கற்பிப்பதற்கு மூதாதை ஒருவர் உண்டு. மொராவியாவில் பிறந்த கொமேனியஸ். 1658-இல் நியூரம்பெர்க்கில் அச்சான அவருடைய ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ எழுத்து வரிசையோடு தொடங்குகிறது. காகம் கரைகிறது, ஆட்டுக்குட்டி கத்துகிறது என்று ஒவ்வொரு எழுத்தின் ஒலியும் ஓர் உயிரின் குரலாக வருகிறது. நம் ஊர்ச் சுவரில் தொங்கும் சார்ட்டின் கொள்ளுத்தாத்தா அது. ஆனால் அந்தத் தாத்தாவின் பக்கத்தில் படத்துக்குக் கீழே இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்றில் லத்தீன், பக்கத்திலேயே பிள்ளையின் வீட்டு மொழியான ஜெர்மன். பேரப்பிள்ளைகள் படத்தை வைத்துக்கொண்டு இரண்டாம் பத்தியைக் கத்தரித்துவிட்டு, இதுதான் நவீன முறை என்கிறார்கள்.

கோரஸ் ஓதுதலைப் பற்றி இன்னொன்று. என் காதே அதற்குச் சாட்சி. ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் ஐ கேன் ஸ்விம் என்று இயல்பாகச் சொல்லும்போது அந்தக் கேன் கேனாகவே கேட்பதில்லை. உயிர் சுருங்கி, க்ன் என்று வாலை மட்டும் காட்டிவிட்டு ஓடுகிறது. அழுத்தம் முழுவதும் ஸ்விம்மில். முடியாது என்று சொல்லும்போதோ உயிர் நிமிர்ந்து நிற்கும். பிரிட்டிஷ்காரர் கான்ட் என்று நீட்டுவார், அமெரிக்கர் கேன்ட் என்று சொல்லிக் கடைசி ட்-ஐ விழுங்கிவிடுவார். ஆக, காது பிரித்தறிய வேண்டியது கடைசி மெய்யை இல்லை. உயிர் அமுங்கிப் போகிறதா, எழுந்து நிற்கிறதா என்பதை. இப்போது நம் வகுப்புக்கு வாருங்கள். லயன்… கே…ஏன்… ரன்! மேசையில் ஸ்கேலைத் தட்டித் தட்டி முப்பத்தெட்டுக் குரலில் கேனை முழு நீளத்துக்கு இழுக்கிறோம். இதே பிள்ளை வீட்டில் அமெரிக்கக் கார்ட்டூன் பார்க்கிறது. அதில் கரடி ஐ கேன்ட் என்று ட்-ஐ விழுங்கிச் சொன்னால், பிள்ளையின் காதில் விழுவது பள்ளியில் ஓதிய அதே நீண்ட கேன். முடியாது என்பதை முடியும் என்று எடுத்துக்கொள்கிறது. திருப்பிச் சொல்ல வைத்தால் பதியும் என்றார்களே, பதியத்தான் செய்கிறது. மறுப்பின் ஓசை உடன்பாட்டின் இடத்தில் பதிந்துவிடுகிறது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்களும் சார்ட்டை எதிர்க்கிறார்கள், காரணம் வேறு. ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் நமக்கெதற்கு, நம் பிள்ளைக்குத் தெரிந்த ஆடு, மாடு, கோழி போதும் என்பது அவர்கள் வாதம். கேட்க இனிமையாக இருக்கிறது. நாய் குரைக்கும், மாடு பால் தரும் என்பதில் எந்தப் பிள்ளைக்கு எந்தச் சந்தேகம்? அங்கே போய்க் கேனைத் தேடினால் பஸ்காரர் கதைதான். தெரியாத விலங்கு வேண்டும். பாதி தெரிந்த விலங்கு இன்னும் நல்லது. நம் மாநில விலங்கான வரையாடு செங்குத்துப் பாறையில் எப்படி நிற்கிறது? திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 2022-இல் காடு ஒதுக்கினார்களே, அந்தத் தேவாங்கால் அணிலைப் போலத் தாவ முடியுமா? மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணான் இந்தப் பாடத்துக்கென்றே பிறந்தது. விலா எலும்பு தாங்கும் தோலை விசிறி போல விரித்து மரம் விட்டு மரம் போகிறது. தமிழில் பறக்கும் ஓணான் என்றே பெயர். ஆனால் அது மேலே எழும்பாது, சறுக்கிச் சறுக்கி இறங்கத்தான் செய்யும். கேன் இட் ஃப்ளை? ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா? என் வகுப்பில் ஒருவன் நடுவில் நின்றுகொண்டான். எந்தப் பக்கம் தள்ளினாலும் நகரவில்லை. அன்றைக்கு அவன்தான் சரி.

நேரம் இல்லை, சிலபஸ் முடிய வேண்டும், பெற்றோர் நோட்டைப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் உண்மை. மறுக்கவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு தினம் ஜன்னல், கதவு ஆட முடியாது. வாரத்தில் ஒரு கேள்வி போதும். பாக்கி நாளில் வழக்கம் போல எழுதட்டும். எழுதுவதிலும் ஒரு சின்ன மாற்றம்: ஒர்க்‌ஷீட்டில் டிக், பெருக்கல் குறி இரண்டோடு மூன்றாவதாக ஒரு கேள்விக்குறிக் கட்டம். செலவில்லாத காரியம். அதை மிஸ்ஸிடம் சொன்னேன். “பேரன்ட்ஸ் கேப்பாங்களே மேடம், மிஸ்ஸுக்கே தெரியலையான்னு” என்றார். அந்தப் பயம் எனக்குத் தெரியும். நானும் பதின்மூன்று வருடம் அதோடு குடித்தனம் நடத்தியவள்.

சண்டை இல்லாமல் பேசிவிட்டு வந்தேன். எலிஃபன்ட் கேனாட் ஸ்விம் என்பதை மூன்று தடவை எழுத வேண்டாம் என்று மிஸ் விட்டுக்கொடுத்தார். டிக் மட்டும் திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை அடுத்த ஒர்க்‌ஷீட் வந்தது. அதில் நீர்யானை. எதிரே ஸ்விம். இவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தண்ணிக்கடியில நடக்கும்டி, நீந்துறது மாதிரிதான் தெரியும் என்றேன். அப்ப டிக்கா, பெருக்கலா என்றாள். நீயே சொல்லு என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு இரண்டும் போடவில்லை. கட்டத்துக்குள் நீல நிறத்தில் தண்ணீர் வரைந்து, அடியில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் நான்கு குட்டைக் கால்களை ஊன்றி வைத்தாள். கட்டம் சின்னது, உடம்புக்கு இடம் போதாமல் ஓரத்துக்கு வெளியே வந்துவிட்டது. மிஸ் அதற்கு என்ன போட்டார் என்பது திங்கட்கிழமை நோட்டு வந்தால்தான் தெரியும்.